காற்றைத் தாண்டிய சேதி

மலையிலிருந்து ஆறு வளைந்து இறங்கும் ஒரு காட்டில், ஒரு மந்தியும் ஒரு புள்ளிமானும் கூட்டாளிகள். மந்தி மரத்தில் உட்கார்ந்து தழையை உதிர்க்கும். மான் கீழே நின்று தின்னும். ஆபத்து தெரிந்தால் மந்தி குரல் கொடுக்க வேண்டும். இதுதான் அவர்களுடைய ஏற்பாடு.

அன்றைக்கு மந்திக்கு அத்திப்பழ ஆசை வந்துவிட்டது. ஏற்பாடாவது ஒன்றாவது என்று மலை உச்சிக்கு ஏறிவிட்டது. மானோ குட்டியோடு வறண்ட ஆற்று மணலில் இறங்கிப் புல் மேய்ந்தது.

வயிறு முட்டத் தின்ற மந்தி நிமிர்ந்து பார்த்தது. மேலே பெய்த மழையெல்லாம் வெள்ளமாகத் திரண்டு ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. மான் ஆற்று மணலில்தான் மேயும் என்பது அப்போதுதான் அதற்கு நினைவு வந்தது.

"வெள்ளம் வருது தங்கச்சி, கரை ஏறு" என்று கத்தியது. ஆனால் காற்று சும்மா இருக்குமா? ஒரு சமயம் குரலைச் சுமந்து போனது; மறு சமயம் அப்படியே விழுங்கிவிட்டது.

பாதி வழியில் மரத்தில் இருந்த மயிலுக்கு ஏதோ அரைகுறையாகக் காதில் விழுந்தது. "அதனால் என்ன, குரல் இருக்கிறதே நமக்கு" என்று காடே அதிர அகவியது.

மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. "மயில் அண்ணனுக்கு மழை ஞாபகம் வந்துவிட்டது" என்று குட்டியிடம் சொல்லிவிட்டு மறுபடி மேய்ந்தது.

மயிலுக்குப் பக்கத்து மரத்தில் ஒரு கரிச்சான் குருவி. கூட்டில் குஞ்சுகள் இருந்ததால் அந்தக் காற்றில் அதனால் நகர முடியவில்லை. "மந்தி அக்கா, சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றது.

"நீ கேட்டுக்கொண்டே இரு, பொழுது விடிந்துவிடும்" என்று மயில் கேலி செய்தது.

கரிச்சான் சட்டை செய்யவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டது. காற்று சற்றே தணிந்தபோது சேதி முழுசாக வந்து சேர்ந்தது.

உடனே அது கீழ்க்கிளையில் இருந்த அணிலிடம் விஷயத்தைச் சொன்னது. "தம்பி, நீ ஆற்றங்கரை மூங்கிலுக்குத் தாவி ஓடி அங்கிருந்து சொல். நான் இங்கிருந்தே சொல்கிறேன். ஒருத்தர் குரலைக் காற்று தின்றாலும் இன்னொருத்தர் குரல் போய்ச் சேரும்."

இரண்டு பேரும் கத்தினார்கள். கரிச்சானிடமிருந்து "வெள்ளம்" என்பது மட்டும் மானுக்குக் கேட்டது. அணிலிடமிருந்து "கரை ஏறு" என்பது மட்டும் கேட்டது. மான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. அவ்வளவுதான், குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு கரை ஏறியது. அது மேய்ந்த இடத்தில் வெள்ளம் புரண்டு ஓடியது.

அப்பாடா! மானுக்குக் குட்டியை நக்கி நக்கித் தீரவில்லை.

மலை உச்சியில் மந்திக்கு மட்டும் நிம்மதி இல்லை. ஆற்றின் வளைவு எல்லாவற்றையும் மறைத்திருந்தது. "தங்கச்சி இருக்கிறாளா? குட்டி இருக்கிறதா?" என்று அழுதது.

மயில் மெல்லக் கரிச்சானிடம் வந்தது. "தம்பி, நடந்ததை எனக்கு ஒழுங்காகச் சொல்லு" என்றது. எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டது. பிறகு மலையைப் பார்த்துத் தன் பெரிய குரலில், "ரெண்டு பேரும் பிழைத்தார்கள்" என்று கூவியது.

மந்தி மடியிலிருந்த அத்திப்பழங்களை அங்கேயே கொட்டிவிட்டுக் கீழே இறங்கத் தொடங்கியது.

நீதி: சொல்லுமுன் சரியாகக் கேட்டுக்கொள்; ஒருவர் குரல் எட்டாத இடத்துக்குப் பலர் கூடிச் சொல்.