இருட்டில் நடந்த பரீட்சை

கண் தெரியாத ஜெசிந்தாவுக்காக டீச்சர் பாடத்தை அட்டையில் புள்ளிகளாகக் குத்தி வைத்திருந்தார். அவள் விரலால் தடவி வாசிப்பாள்.

"எல்லாருக்கும் ஒரே பரீட்சைதான். கரும்பலகையை வாசிக்க முடியாத பிள்ளை இங்கே வேண்டாம்" என்றார் பள்ளியைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர்.

வகுப்பைப் பெருக்கும் சலேத்தம்மா, "ஒரே மாதிரிதானே ஐயா?" என்று கேட்டுக்கொண்டே கதவு ஜன்னலெல்லாம் சாத்தினாள். கும்மிருட்டு. "இப்ப வாசிங்க கண்ணுகளா."

"ஒண்ணுமே தெரியல டீச்சர்" என்றார்கள் பிள்ளைகள். பிறகு மூலையில் ஒரு மெல்லிய குரல் பாடத்தை வாசித்தது. வாசித்தபடியே பெஞ்சுகளைத் தாண்டி நடந்து வந்தது. இன்ஸ்பெக்டரின் காதருகே நின்றது. சில்லென்ற சின்ன விரல்கள் அவர் கையில் அட்டையை வைத்தன.

"நான் முடிச்சுட்டேன் சார். இனி நீங்க வாசிங்க."

"ஜன்னலைத் திற!" என்று அலறினார் இன்ஸ்பெக்டர்.

"அவ இங்கயே படிக்கலாமா ஐயா?" என்றாள் சலேத்தம்மா, ஜன்னலோரத்திலிருந்து.

"படிக்கட்டும், படிக்கட்டும்! முதல்ல திற!"