அலமாரிக்குள் தட்டியது யார்?

முன்னொரு காலத்தில் கொன்றையூரைச் செங்கோடராசன் என்றொருவன் ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசு கொடுப்பான். மாலையில் அவனையே அந்த யானையின் காலில் போடச் சொல்வான். அப்படியொரு குணம்.

அவன் ராணி அமிர்தவல்லி காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுடைய சேலைகளை வைக்க ஓர் அலமாரி செய்யும்படி திருமேனி ஆசாரிக்கு ஆள் அனுப்பினான். வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு, மளிகைக் கடைக்குச் சரக்குப் பெட்டி, ஜவுளிக் கடைக்கு அடுக்குப் பலகை என்று செய்து பிழைப்பவன் திருமேனி. ஆறு மாதம் இழைத்துப் பலாமரத்தில் ஆளுயர அலமாரி செய்து கொடுத்தான்.

சில நாளில் அதற்குள்ளிருந்து சத்தம் வந்தது. டொக்.

"ராணியம்மா பேசுகிறார்கள்!" என்றார் பிரதானி சபாபதிராயர். "ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. கேளுங்கள் மகாராஜா."

பிள்ளையில்லாத ராஜா கேட்டான். ராயரின் அண்ணன் மகனுக்கு இளவரசுப் பட்டம் கட்டலாமா? டொக். அன்றிலிருந்து தினமும் காலையில் அலமாரிக்கு முன்னால்தான் சபை கூடியது. பெரிய பெரிய வீரர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

ஒருநாள் ராயரே கேட்டார். "தாயே, இது சுடுகாட்டு மரமா?" டொக். "இதைச் செய்தவன் உயிர் வேண்டுமா?" டொக்.

காவலர்கள் கொட்டகைக்கு வந்தபோது திருமேனி ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தான்.

"நம்ம கொல்லையில நின்ன பலாதானேங்க அது?" என்று அழுதாள் மனைவி காமாட்சி.

"ஆமாம். நீ தண்ணி ஊத்தின மரம்தான்," என்று சொல்லிவிட்டு உளிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அரண்மனையில் அலமாரிக்கு முன்னால் நின்ற ராஜாவின் கண்கள் குழிவிழுந்திருந்தன. "அமிர்தம் உன் உயிரைக் கேட்கிறாள். கடைசியாக என்ன வேண்டும்?"

"என் கையால் செய்ததை ஒருதரம் தொட்டுப் பார்க்கணும், மகாராஜா."

கதவைத் திறந்தான். வாடிய மல்லிகையும் சந்தனமும் கலந்து மணத்தன. சேலைகளுக்கு நடுவே கையை விட்டான். தோள்வரை போகவேண்டிய கை, முழங்கை தாண்டியதுமே பலகையில் முட்டியது. அந்தப் பலகை வெதுவெதுவென்று இருந்தது, காய்ச்சல்காரன் நெஞ்சைத் தொட்டதுபோல. திருமேனிக்கு மயிர்க்கூச்செறிந்தது. விரலால் தடவினான். இழைப்பு சொரசொரத்தது. அது அவன் வைத்த பலகை இல்லை.

வாயால் சொன்னால் ராயர் பேசவிடமாட்டார். பையிலிருந்து சாண் நீள ஆணியையும் சுத்தியலையும் எடுத்தான்.

"மகாராஜா, இதில் வேறு ஏதோ குடியேறியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பேயை ஆணியடித்துத்தான் மரத்தில் நிறுத்துவோம்."

ராயர் முகம் வெளுத்தது. "ராணியம்மா மேல் ஆணியா? பாவி!"

"ராணியம்மாவாக இருந்தால் என்ன பயம் பிரபு? ஆவிக்கு ஏது உடம்பு, குத்துவதற்கு?"

ராஜா ராயரை விலக்கிவிட்டு அலமாரிக்கு முன்னால் வந்து நின்றான். பிறகு சொன்னான்: "அடி."

ஓர் அடி. ஆணி பாதி இறங்கியது. இரண்டாவது அடிக்குச் சுத்தியலை ஓங்கினான்.

"ஐயோ அடிக்காதீங்க! நான் உயிரோட இருக்கேன்!"

பலகை விலகி, எலும்பும் தோலுமான ஒரு கழைக்கூத்தாடி சேலைகளோடு வெளியே வந்து விழுந்தான். "ராயர்தான் சாமி, சுவர்ப் பக்கமா வழி வெச்சு என்னை உள்ளே விட்டார்! அலமாரியோட ஆழம் தெரிஞ்சவர்னு ஆசாரியைத் தீர்க்கவும் அவர்தான் தட்டச் சொன்னார்!"

ராஜா ராயரின் தலைப்பாகையைத் தன் கையாலேயே கழற்றினான். "உன் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டமா கேட்டாய்? ஆசாரி கொட்டகையில் ரம்பம் இழு!" தன் தங்கக் கங்கணத்தைத் திருமேனிக்குப் போட்டான்.

பிறகு கூத்தாடியிடம் திரும்பினான். "காலையில் தட்டினாய், சரி. உச்சிவெயிலில் நான் தனியாக வந்து உட்கார்ந்தபோதும் எதற்குத் தட்டினாய்?"

கூத்தாடி விழித்தான். "மத்தியானமா? சபை கலைஞ்சதும் நான் போயிடுவேனே சாமி. உள்ளே மூச்சு முட்டும்."

ராஜா திருமேனி பக்கம் திரும்பினான்.

"வெயிலில் பலாமரம் சத்தம் போடுமா, ஆசாரி?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ராஜாவின் முகத்தைப் பார்த்தபின் பொய் வரவில்லை. "பச்சை மரம் போடும், மகாராஜா. இது எட்டு வருஷம் காய்ந்த மரம்."

ராஜா எல்லோரையும் வெளியே போகச் சொன்னான். உச்சிவெயில் ஏறியிருந்தது. திருமேனி வாசலைத் தாண்டும்போது, உள்ளே ராஜா மெல்லிய குரலில் அலமாரியிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

பதில் வருமுன் அவன் படியிறங்கி ஓடினான்.