மூச்சு மாறாத என்ஜின்

"ஏனுங்க மேடம், என் என்ஜினை நம்ப மாட்டீங்களா?"

தங்கமுத்துவின் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

கோயம்புத்தூரில் கார் என்ஜின்களுக்கு முறுக்கேற்றித் தருவதில் பேர் வாங்கியவர் அவர். தலை நரைத்த பிறகு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைத் தன் பட்டறையிலேயே கட்டி முடித்துவிட்டார். அதன் மூக்கில், தன் கையால் வலு ஏற்றிய கார் என்ஜின்.

அவருக்குப் பறக்கக் கற்றுத் தந்தவள் ஆக்னஸ். அவர் மகள் வயதுதான் இருக்கும். பயிற்சித் திடலுக்கு அவர் கொண்டுவந்திருந்த விமானத்தை ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

"அழகா கட்டியிருக்கீங்கண்ணா. ஆனா ஏறாதீங்க."

"இந்த வண்டிக்கு எண்பது குதிரைசக்தி போதும். என்னோடது நூத்தி இருபதுங்க!"

"முழுசா மிதிச்சு எவ்வளவு நேரம் ஓட்டியிருக்கீங்க?"

யோசித்தார். லாரியை முந்தும்போது மிதிப்பார். முந்தியதும் காலை எடுத்துவிடுவார்.

"ஒரு மூச்சு நேரம்."

"அப்ப வாங்க, பறக்கலாம்."

விமானத்தைக் கான்கிரீட் தூணோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டச் சொன்னாள்.

"சங்கிலி எதுக்குங்க?"

"தரையிலயே பறக்கப்போறோம். எந்த ஊருக்கு?"

"மதுரைக்கு" என்றார், விளையாட்டாக.

"மதுரை வர்ற வரைக்கும் வேகத்தைக் குறைக்கக் கூடாது."

இருவரும் ஏறி உட்கார்ந்ததும் முழு வேகத்துக்கு முடுக்கினார். விமானம் சங்கிலியை இழுத்துக்கொண்டு திமிறியது. தங்கமுத்துவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்தில் ஆக்னஸ் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பல்லடம் தாண்டிட்டோம்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "கீழே தாராபுரம்."

சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியிருந்தது. அவர் பார்க்காததுபோல் இருந்தார்.

எண்ணெய் தீயும் வாடை வந்தது. என்ஜினின் குரலில் ஒரு கரகரப்பு. அந்தக் கரகரப்பு அவருக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய்க்குத் தெரிவதுபோல. கை தானாகச் சாவிக்குப் போனது.

ஆக்னஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒட்டன்சத்திரத்துக்கு மேல இருக்கோம். எங்கண்ணா ஓரங்கட்டுவீங்க?"

டமார் என்றது.

மூக்கிலிருந்த விசிறி நின்றது.

தங்கமுத்து சாவியிலிருந்து கையை எடுத்தார். கண் கலங்கிவிட்டது.

"முதன்முதல்ல பறக்க நினைச்சவங்களும் கார் கம்பெனிக்காரங்ககிட்டத்தான் என்ஜின் கேட்டாங்களாம்" என்றாள் ஆக்னஸ். "தோதா ஒண்ணும் கிடைக்கலை. தாங்களே செஞ்சுக்கிட்டாங்க. உங்களை மாதிரிதான்."

"அவங்களோடதும் நின்னுச்சுங்களா?"

"எத்தனையோ பேரோடது நின்னுச்சு. நிக்க நிக்கத்தான் இது வந்துச்சு."

கொட்டகையில் நின்ற பயிற்சி விமானத்தைக் காட்டினாள். பெயிண்ட் உதிர்ந்த பழைய வண்டி. அவர் அதில்தான் கற்றுக்கொண்டார். ஆனால் அதன் என்ஜினை ஒருநாளும் மதித்துப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அதில் ஏறினார்கள். நிஜமாகவே மதுரைக்கு.

"என்ன மேடம், இந்த என்ஜின் மெதுவாத்தான் சுத்துது."

"அதுக்கு அவசரம் இல்லை."

பல்லடம் போயிற்று. தாராபுரம் போயிற்று. தங்கமுத்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நின்ற இடத்திலேயே நின்றது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பட்டறையில் எத்தனையோ என்ஜின்களின் குறையைக் கேட்டே சொன்ன காது அது. கிளம்பும்போது என்ன குரலோ, அதே குரல்.

ஒட்டன்சத்திரம் வந்தது. கீழே மலையும் காடும்.

ஆக்னஸ் கை நீட்டிச் சாவியை ஒரு படி திருப்பினாள்.

"ஐயோ, மேடம்!"

என்ஜின் லேசாக ஒரு சுருதி இறங்கியது. அவ்வளவுதான். ஓடிக்கொண்டே இருந்தது.

"பொறி கொடுக்கிறதுக்கு ரெண்டு வழி வச்சிருக்காங்க. ஒண்ணை அடைச்சுட்டேன். இன்னொண்ணு பார்த்துக்குது."

அவருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. இத்தனை காலமும் என்ஜினைத் திறந்தால் எதை எடுக்கலாம், எதை முறுக்கலாம் என்றுதான் பார்த்திருக்கிறார். ஒன்று செத்துப்போனால் என்ன செய்வது என்று எவனோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான். முகம் தெரியாத அந்த மனிதனை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

சாவி பழைய இடத்துக்குத் திரும்பியது. சுருதி ஏறியது.

மதுரையில் இறங்கியதும் முதல் ஆளாகக் குதித்தார். விமானத்தின் மூக்கில் உள்ளங்கையை வைத்தார். இளஞ்சூடாக இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

"மேடம், இதைக் கொண்டுபோய் கார் ரேஸுல விட்டா என்ன ஆகுமுங்க?"

"கடைசியா வரும்."

தங்கமுத்து சிரித்தார்.

ஆக்னஸ் சிரிக்கவில்லை.

"ஆனா, வந்துரும்."