புலவர் ஏடகநாதரின் விருதுக்கொடி

நெடுமருதூர் அரசர் திருமலைக்கொழுந்துக்கு ஒருநாள் விபரீத ஆசை வந்தது. விஜயதசமி ஊர்வலத்தில் அவையோர் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு விருதுக்கொடி பிடித்து வர வேண்டும்!

தளபதி வன்னியமுத்து உடனே எழுந்தார். "முறைப்படி இருக்கட்டும் அரசே. கொடி ஓவியத்தில் வென்றவன் கால் மேலே, வெல்லப்பட்டது கீழே. வெல்லாததை எழுதினாலும் பொய், வென்றதை மறைத்தாலும் பொய். பொய்க்கொடிக்காரனுக்கும் கொடி இல்லாதவனுக்கும் அவையில் இருக்கை கிடையாது."

சொல்லிவிட்டு அவைப் புலவர் ஏடகநாதரைப் பார்த்துச் சிரித்தார். புலவரின் இருக்கை மேல் தளபதியின் மைத்துனருக்கு நெடுநாளாக ஒரு கண்.

புலவர் வீட்டுக்குப் போய்ச் சுவடிகளைப் புரட்டினார். வில், புலி, மீன் மூன்றையும் மூவேந்தர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பன்றியும் காளையும்கூடப் போய்விட்டன. அது போகட்டும், காலடியில் எதைப் போடுவது? வாழ்நாளில் அவர் வாதத்தில் வென்றது ஒரே ஒரு பண்டிதரை. அந்தப் பண்டிதருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. அதை வெற்றி என்று எழுத அவருக்கே கூசியது.

கொடிகளைக் காட்டும் நாள் வந்தது. தளபதியின் கொடியில் அவர் காலடியில் ஒரு வேங்கை. அது குழியில் விழுந்து கால் ஒடிந்து கிடந்த வேங்கை என்று யாரும் சொல்லவில்லை. வேங்கையும் சொல்லவில்லை.

அடுத்துப் புலவரின் கொடி விரிந்தது. தொப்பையும் தாடியுமாக ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். அவர் மார்பின் மேல் முழங்கால் வரைக்கும் மட்டும் வரைந்த ஒரு கால்.

"கீழே கிடப்பது நீர்தானே?" என்றார் அரசர்.

"சந்தேகம் என்ன அரசே? ஓவியன் தொப்பையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறான்."

"மேலே இருக்கும் கால்?"

"என்னை வென்றவர்கள் பலர். அத்தனை கால்களுக்குத் துணி போதாது. அதனால் பொதுவாக ஒன்று. உரியவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்."

தளபதி துள்ளி எழுந்தார். "என் கால்தான் அது! போன விஜயதசமி மற்போர் விளையாட்டில் இவரைத் தூக்கி வைக்கோற்போரில் எறிந்தேனே! ஊரே பார்த்தது."

"உண்மை" என்றார் புலவர். "என் முதுகு இன்றும் சாட்சி சொல்கிறது. அப்படியானால் அரசே, தளபதியார் ஒரு வெற்றியைக் கொடியில் மறைத்துவிட்டார். வேங்கைக்குப் பக்கத்தில் என்னையும் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவர் சொன்ன முறைப்படி அவர் இருக்கை போய்விடும்."

தளபதி கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். ஊர்வலத்தில் அண்டை நாட்டார் கேட்பார்கள்: 'வேங்கைக்குப் பக்கத்தில் தொப்பையோடு அது என்ன மிருகம்?'

"அது... அது சும்மா விளையாட்டு. வெற்றி என்று சொல்ல முடியுமா?"

"அப்போது கால் உம்முடையது இல்லையா?" என்றார் அரசர்.

"இல்லவே இல்லை!"

"வேறு யாருக்காவது வேண்டுமா?"

சொக்கட்டான் ஆட்டத்தில் புலவரைத் தவறாமல் தோற்கடிக்கும் பொக்கிஷதாரர் கூரையைப் பார்த்தார். ராஜகுரு இருமினார்.

தளபதி விடவில்லை. "யாருடைய காலும் இல்லை என்றால் இது பொய்க்கொடி, அரசே! புலவர் இருக்கையைக் காலி செய்யட்டும்."

அரசர் தாடையைத் தடவினார். "முறை அப்படித்தான் சொல்கிறது, புலவரே."

"பொய்யான காலை அழித்துவிட்டால் போயிற்று."

"அழித்தால் நீர் மட்டும்தானே மல்லாந்து கிடப்பீர்? அதற்கு என்ன பொருள்?"

"தளபதியார் அவையில் தம் வீரத்தை எடுத்துரைக்கும்போது நான் இருக்கும் நிலை அரசே. இதைப் பொய் என்று அவரே சொல்லமாட்டார். பேச்சை நிறுத்திவிட்டு என்னைத் தட்டி எழுப்புவதே அவர்தானே!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புலவரின் இருக்கை பிழைத்தது. கூடவே, அதில் வைத்துக்கொள்ள ஒரு பட்டுத் தலையணையும் கிடைத்தது.