கடைசிப் பந்தி

பனங்காட்டுப் பக்கம் ஒரு ஊர்ல ஒரு வேதமணி இருந்தான், மக்கா, 'ம்' கொட்டிக்கிட்டே கேளு. கோவம் வந்தா லேசுல விடமாட்டான். கோவம் யார் மேல? கூடப்பிறந்த தம்பி தாசையா மேல.

அவங்க அப்பா செத்தப்போ வேதமணி பம்பாய்ல இருந்தான். ரயிலேறி, பஸ்ஸேறி, லொங்கு லொங்குன்னு ஓடி வந்தா, தம்பி பெட்டிய மூடி ஆணி அடிச்சுட்டான். அப்பா முகத்தப் பாக்க முடியல. "இனி உன் கையால பச்சத்தண்ணி வாங்கமாட்டேம்ல"ன்னு கல்லறையிலயே சொல்லிட்டான்.

"ம்."

அப்புறம் ஊரோட தங்கிட்டான். கோயில்ல மாசாமாசம் திருவிருந்து நடக்கும். இயேசு சாமி சாகுறதுக்கு முந்தி சிநேகிதங்களுக்கு அப்பத்தப் பிட்டுக் கொடுத்தாருல்ல, அத நினைச்சுச் சாப்பிடுறது. பந்தி பந்தியா பீடத்துக்கு முன்ன போயி முட்டுப்போடுவாங்க, அதான் முழங்கால்ல நிப்பாங்க. எல்லாருக்கும் ஒரே அப்பம், ஒரே பாத்திரம்.

மொத மாசம் வேதமணி முட்டுப்போட்டான். பாத்தா, அதே பந்தியில தம்பி! விறுவிறுன்னு எந்திச்சு வந்துட்டான். அடுத்த மாசம், தம்பி உள்ள இருக்கான்னு வாசல்லயே நின்னுட்டு வெறும் வயித்தோட திரும்பினான். அன்னைக்கெல்லாம் அழுகையா வந்துது.

"ம்..."

மூணாவது தடவ, 'அவன் போயிட்டு வரட்டும், நான் கடைசிப் பந்தியில போறேன்'னு காத்திருந்தான். அப்போ தம்பியும் அதையேதான் நினைச்சுக் காத்திருந்தான்! கடைசியில மிஞ்சினது ரெண்டு பேரு. பக்கத்துல பக்கத்துல முட்டுப்போட்டாங்க.

தம்பி கையில அப்பத்த வச்சாரு போதகர். தட்டு காலி. வேற அப்பம் எடுக்கத் திரும்பினாரு. அப்போ தம்பி தன் துண்டப் பிட்டான். பெரிய பாதிய அண்ணன் பக்கம் நீட்டினான்.

அப்பாவும் கருப்பட்டிய இப்படித்தான் பிட்டுக் கொடுப்பாரு, மூத்தவனுக்குப் பெரிய பாதி. வேதமணிக்குக் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. அப்பத்துக்கு நீட்டின தன் கைய மடக்க முடியல. வாங்கித் தின்னுட்டான்.

வெளிய வந்ததும் தம்பியப் பிடிச்சுக்கிட்டான். "எதுக்குல பெட்டிய மூடுன?"

"சித்திரை வெயிலுண்ணே. அப்பா முகம் மாறிட்டு வந்துது. நீ அதப் பாக்கவேண்டாம்னுதான்."

"இதச் சொல்ல வாயில்லையால உனக்கு?"

"நீ எங்கண்ணே கேட்ட?"

வேதமணி தம்பி தோள்ல கையப் போட்டுக்கிட்டு நடந்தான். தம்பி கண்ணுல அந்த மாறின முகந்தான் நின்னுது; அப்பா எப்படிச் சிரிப்பாருன்னு அவன் கேக்க, வழி பூரா அண்ணன் சிரிச்சுக் காட்டிக்கிட்டே போனான்.

அவங்க வீடு சேந்துட்டாங்க. நீயும் கண்ண மூடு, மக்கா.