பூசாமல் விட்ட வெள்ளை

தண்ணீரில் வண்ணம் கரைத்துப் படம் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பைத் தொடுவார்கள், நீலத்தைத் தொடுவார்கள், வெள்ளையை மட்டும் தொட மாட்டார்கள். மேகமோ மல்லிகையோ, தாளை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றித்தான் பூசுவார்கள். ஏன் அப்படி?

அந்தக் காலத்தில் மனிதருக்கும் பறவைக்கும் மிருகத்துக்கும் ஒரே பேச்சுதான். ஓர் ஏரிக்கரையில் காயாம்பூ என்று ஒருத்தி படம் எழுதிப் பிழைத்துவந்தாள். அப்போதெல்லாம் வண்ணம் என்றால் இட்லி மாவைவிடக் கெட்டியாக இருக்கும். அப்பிவிட்டுக் காயவைப்பார்கள், அவ்வளவுதான்.

ஏரிக்கு நடுவே ஒரு கருவேல மரம். அதில் ஒரு வெள்ளைக்கொக்கு மூன்று குஞ்சுகளோடு குடியிருந்தது. சுற்றிலும் தண்ணீர் நின்றவரை நரிக்கு அங்கே வேலை இல்லை. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மரத்தடியில் நரி வந்து கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

விடிந்ததும் கொக்கு காயாம்பூவின் குடிசைக்குப் பறந்து வந்தது.

"அக்கா, மலைக்கு அந்தப் பக்கம் குட்டை ஒண்ணு இருக்காம். மீன் கொண்டு வந்தாத்தான் பிள்ளைங்க பிழைக்கும். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன். ஆனா என்னைக் காணோம்னா மூணும் பயந்து கூட்டை விட்டுக் குதிச்சிடும். என்னை எழுதி, அதுங்க கண்ணுக்கு எதிரே வச்சிடுக்கா."

"நீ போ தங்கச்சி, நான் பார்த்துக்கறேன்" என்று வாயால் சொல்லிவிட்டாள். கொக்கு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் இருப்பதை எண்ணிப் பார்த்தாள். கையில் இருந்ததோ நாணலை இடித்துக் காயவைத்த வெள்ளைத் தாள் இரண்டே இரண்டு. வண்ணக் கிண்ணங்களைத் திறந்தால், வெயிலில் எல்லாம் செங்கல்லாகக் கெட்டித்துப் போயிருந்தன.

கிண்ணங்களையும் தூரிகையையும் மடியில் கட்டிக்கொண்டு, ஒரு கையில் கம்பும் இன்னொரு கையில் தாளுமாக மரத்தடிக்கு ஓடினாள். குடிக்க வைத்திருந்த ஒரு செம்புத் தண்ணீரையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். நரி பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தது.

"கண்ணுங்களா, உங்கம்மா ஓடிப்போயிட்டா! குதிச்சு வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று மேலே பார்த்துக் குழைந்தது.

"உன் மூஞ்சி! வாயை மூடு!" என்று கம்பை ஓங்கினாள் காயாம்பூ.

"எவ்வளவு நேரம் ஓங்குவே? படம் எழுதக் கை வேணுமே, தாயி" என்று சிரித்தது நரி.

கூட்டில் மூன்றும் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கின. மூத்தது விளிம்புக்கே வந்துவிட்டது. யோசிக்க நேரமில்லை. மஞ்சளைத் தண்ணீரில் கரைத்தாள். வண்ணம் நீர்த்து வழிந்துவிடுமோ என்று மரத்தில் வடிந்திருந்த பிசினைக் கிள்ளி அதில் போட்டாள். தூரிகையை வைத்ததும் வண்ணம் தாள் முழுக்க வெயிலைப் போலப் பரவியது. அவளே அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அதை ரசிக்கவா நேரம்? ஈரம் காய்வதற்குள் வெள்ளைக்குச் சுண்ணாம்பைத் தொட்டுக் கொக்கின் கழுத்தை எழுதினாள்.

கழுத்து சிவந்தது. இறக்கை சிவந்தது. கொக்கு முழுவதும் ரத்தமாக நின்றது.

எத்தனை கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்த கை! மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பதற்றத்தில் அவளுக்கு மறந்துவிட்டது.

"ஐயோ, அம்மாவை யாரோ அடிச்சிட்டாங்க!" என்று மூத்தது அலறியது. அதன் ஒரு கால் கூட்டுக்கு வெளியே தொங்கியது. நரி எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டது.

காயாம்பூ அந்தத் தாளைக் கசக்கி எறிந்தாள். தாள் ஒன்றுதான் மிச்சம். செம்பின் அடியில் தண்ணீர் ஒரு மடக்கு. சுண்ணாம்பைத் தொட்டால் மறுபடியும் ரத்தம். தொடாவிட்டால் வெள்ளைக்கு எங்கே போவது? தாளையே வெறித்துப் பார்த்தாள். தாளும் கொக்கும் ஒரே வெள்ளை.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கழுத்து வளைவு வரும் இடம்வரை மஞ்சளைக் கொண்டுபோய் நிறுத்தினாள். இறக்கையின் ஓரத்தில் நிறுத்தினாள். காலருகே நிறுத்தினாள். ஒரு சொட்டு உள்ளே வழிந்தால் போச்சு. நெற்றி வேர்வை தாளில் விழாமல் தலையைத் திருப்பித் திருப்பி எழுதினாள். கடைசியில் மஞ்சள் வெயிலுக்கு நடுவே, ஒன்றுமே பூசாத இடத்தில், கொக்கு நின்றது.

கம்பின் நுனியில் படத்தைச் செருகிக் கூட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"அம்மா!" என்றது மூத்தது. தொங்கிய கால் மெல்ல உள்ளே போனது.

தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. கம்பை இறக்கவில்லை. நரி ஒவ்வோர் அடியாக நெருங்கும்போதெல்லாம் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். பொழுது சாய்ந்தது. கொக்கைக் காணோம். "சொன்னேன்ல?" என்றது நரி. அதற்குள் மலைப்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு கரை ஏறியது.

வாய் நிறைந்த மீனைப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டுக் கொக்கு படத்தைப் பார்த்தது.

"என்னக்கா, என்மேல ஒரு சொட்டு வண்ணம்கூட இல்லையே?"

"அதுக்கென்ன தங்கச்சி, காஞ்சதும் வெள்ளை பூசிட்டாப் போச்சு" என்று தூரிகையை எடுத்தாள் காயாம்பூ.

நீர்வண்ணம் எழுதுகிறவர்கள் வெள்ளைக்கு இடம் விடுவது அந்தச் சாயங்காலத்தில் தொடங்கியதுதான். அந்த இடம் வந்ததும் அவர்கள் தூரிகை இன்றும் ஒரு கணம் தயங்கி நிற்கிறதே, அதுவும் அன்று கூட்டிலிருந்து எட்டிப் பார்த்த கடைக்குட்டிக் குஞ்சு கேட்டுக்கொண்டதால்தான்:

"பெரியம்மா, அம்மா நிக்கிற இடத்துல மட்டும் எதையும் பூசிடாதீங்க."