இதே நிலையில் வரவும்

புளியம்பாறை ஓட்டுக் கம்பெனியில் சுமை தூக்குகிற இருளப்பனுக்கு மூளை இருக்கிறதா என்று யாரும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில்லை. தோளைத்தான் எடுத்தார்கள். ஓட்டுக் கட்டு சரிந்து விழுந்ததில் வலது தோள் பிசகி, கை இடுப்புக்கு மேலே எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. இனி ஓடு தூக்க முடியாது. வேறு வேலையும் தெரியாது. ‘இவனால் வேலை செய்ய முடியாது’ என்று காப்பீட்டு ஆஸ்பத்திரியில் நிரந்தரமாக எழுதிக் கொடுத்தால் மாசாமாசம் உதவித்தொகை வரும். இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. பாவம், அந்தக் கவலையிலேயே மனுஷன் பாதியாக இளைத்துப்போயிருந்தான்.

துணைக்கு ஒச்சப்பன், சோணையன், பேச்சிமுத்து மூவரும் கிளம்பினார்கள். அதே கம்பெனியில் சுமை தூக்குகிறவர்கள்தான். இருளப்பனைவிடப் புத்திசாலிகள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவர்களேதான்.

டாக்டரம்மா இருளப்பனின் சட்டையைப் பாதி கழற்றச் சொன்னார். வலது கையைப் பிடித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். வலி பொறுக்காமல் இருளப்பன் இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு “ஆ!” என்று வாயைப் பிளந்தான்.

“இப்போதைக்குத் தற்காலிகம்னு எழுதறேன்” என்றார் டாக்டரம்மா. “மூணு மாசம் கழிச்சு இதே நிலையில வாங்க. நிரந்தரமாக்கிடலாம்.”

“டேய், அசையாதே!” என்று அலறினான் சோணையன். டாக்டரம்மா விட்ட கையை ஒச்சப்பன் பாய்ந்து பிடித்துக்கொண்டான். அப்படியே வெளியே வேப்பமரத்தடிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஆலோசனை ஆரம்பமானது.

“கையை நான் தாங்கிக்கறேன். வாயை மூடலாமா?”

“அதெப்படி? அம்மா பார்த்தப்ப திறந்துல்ல இருந்துச்சு!”

“மூணு மாசம் பட்டினியாவா கிடப்பான்?”

பேச்சிமுத்து மோவாயைத் தடவினான். “கஞ்சி ஊத்துவோம். முழுங்கறது உள்ளுக்குள்ள நடக்கிற காரியம். அது அம்மாவுக்குத் தெரியாது.”

இருளப்பன் “ஆ, ஆ” என்றான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். சம்மதம் சொல்கிறான் என்று மூவரும் சந்தோஷப்பட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரை போகவே வேண்டியிருக்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்து வழியிலேயே பஸ் தானாக நின்றது. ஊரிலும் அதே கதைதான். இருளப்பன் வாசலில் நின்றால் போகிற பஸ்ஸெல்லாம் பிரேக் போட்டது.

“ஏறுவியா மாட்டியாய்யா? காலையில இருந்து நாலாவது தடவை!” என்று கண்டக்டர் கத்தினார். இருளப்பன் ஒற்றைக் கண்ணால் பார்த்து, வாயைப் பிளந்தபடி நின்றான்.

“பழிப்பா காட்டறே?” என்று விசிலை ஊதிவிட்டுப் போனார் அவர்.

“நாசமாப் போறவங்களா, நல்ல மனுஷனைக் கொடிக்கம்பமா ஆக்கிட்டீங்களே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் பெண்டாட்டி வீராயி. திட்டி முடித்த கையோடு, சும்மாதானே இருக்கிறது என்று துவைத்த சேலையை அந்தக் கையிலேயே காயப்போட்டாள்.

மூவரும் லீவு போட்டுவிட்டு முறைவைத்துக் கையைத் தாங்கினார்கள். தாங்குகிறவன் ஓய்ந்தால் இருளப்பன் கையும் தொப்பென்று இறங்கிவிடும். “அய்யோ, நிலை தவறிப்போச்சு!” என்று அடுத்தவன் ஓடிவந்து தலைக்கு மேலே தூக்குவான். அப்புறம் அளவு பார்த்துத் தோள் மட்டத்துக்கு இறக்குவான். நாளைக்கு நூறு தடவை இப்படி நடந்தது. வலி குறைகிற மாதிரி இருளப்பனுக்கே தோன்றியது. சொல்வதற்குத்தான் வாய் காலியில்லை.

மூன்று மாசம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கையை விட்டுப் பார்த்தார். விழவில்லை. மேலே தூக்கச் சொன்னார். காதை உரசிக்கொண்டு கை ஜம்மென்று மேலே போனது.

“அட, நல்லா குணமாயிடுச்சே! யாருய்யா இவ்வளவு அருமையா பயிற்சி கொடுத்தது?”

மூன்று மாசத்துக்குப் பிறகு இருளப்பன் வாயை மூடித் திறந்தான். “குடி முழுகிப்போச்சே தாயி! ஒரு பயிற்சியும் இல்லையே! இதே நிலையில வரச் சொன்னீங்க. அசையாம அப்படியேதானே இருந்தேன்!” என்று ஓவென்று அழுதான்.

டாக்டரம்மா அவன் தோளை மறுபடியும் அழுத்திப் பார்த்தார். அப்போதுதான் பின்னால் நின்ற மூவரையும் பார்த்தார். மூன்று பேர் கையும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

“நீங்க கையை இறக்குங்கய்யா.”

“இறங்க மாட்டேங்குது தாயி” என்றான் ஒச்சப்பன். மூன்று மாசம் இன்னொருத்தன் கையைத் தாங்கித் தாங்கி மூவர் தோளும் இறுகிப்போயிருந்தது.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். “இவன் நாளைக்கே ஓடு தூக்கப் போகலாம். உங்க மூணு பேருக்கும் தற்காலிகம்னு எழுதறேன். மூணு மாசம் கழிச்சு இதே நிலையில...”

சொல்லிவிட்டு, ஐயையோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அம்மா, அசையாதீங்க!” என்று மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

இருளப்பன் குணமான கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். “நாக்கை மட்டும் உள்ளே இழுத்துடாதீங்க தாயி, மூணே மாசம்தான்! கஞ்சி ஊத்த வீராயியைக் கூட்டியாரேன்!”